கோயில் குரூப்பும் யூடியூப் சேனலும்: நம்ம கடற்கரைப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம்னு நம்ம பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் நம்ம கத்தோலிக்கக் கோயிலுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருக்கு, முக்காவாசி கோயிலுக்கு யூடியூப் சேனலும் இருக்கு. நல்லதுதான். ஆனா ஜனங்க பாதிப் பேரு அந்த குரூப்ப மியூட்ல போட்டு வச்சிருக்காங்க. விடியுறதுக்குள்ள ரோசாப்பூ போட்ட காலை வணக்கம், வசன கார்டு, யாரோ எவரோ அனுப்புன ஃபார்வர்டுன்னு வந்து குவிஞ்சா, நடுவுல ஃபாதர் போட்ட பூசை நேரம் மாறுன சேதி யாரு கண்ணுல படும்? அறிவிப்புக்குத் தனி குரூப் வச்சு அட்மின் மட்டும் அனுப்புற மாதிரி செட்டிங்க மாத்திடுங்க, பேச்சு அரட்டையெல்லாம் அந்தந்த அன்பியத்து (அக்கம்பக்கத்து வீடுங்க சேந்த ஜெபக்குழு) குரூப்புல நடக்கட்டும். எல்லாத்தையும் ஒண்ணா கோத்து வைக்க வாட்ஸ்ஆப்புல கம்யூனிட்டின்னு ஒரு வசதி 2022லேந்தே இருக்கு, நம்ம ஆளுங்க அதத் தொடுறதே இல்ல.

இது சின்ன விசயம். பெரிய தப்பு வேற ஒண்ணு. இலங்கை நேவி படகப் புடிச்சிட்டாங்கன்னு தகவல் வந்தா போதும், எந்தப் படகு, யார் யாருன்னு உறுதியாகுறதுக்கு முன்னாடியே பேரும் போட்டோவும் கோயில் குரூப்புக்கு வந்துடுது, "ஜெபியுங்கள்"னு கீழ கைகூப்புற படம் வேற. வீட்டுக்காரம்மாவுக்கு விசயம் பக்கத்து வீட்டு போன்லேந்து தெரியுது, சில சமயம் அது அவங்க வீட்டுப் படகாவே இருக்காது, அதுக்குள்ள அந்த வீடு பட்ட பாடு என்ன? புயல் நேரத்துலயும் இதே கூத்துதான், பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துன உடனே என்னைக்கோ எங்கயோ எடுத்த அலை வீடியோவ இன்னைக்கு நடந்ததா போட்டு பீதியக் கெளப்புறாங்க. வானிலை மையமோ மீன்துறையோ குடுத்த அறிவிப்புன்னா மட்டும் போடுங்க. ஆளு புடிபட்ட சேதின்னா, படகு ஓனர்கிட்டயோ மீனவர் சங்கத்துலயோ கேட்டு உறுதி பண்ணிட்டு, அன்பியத்துல ஒருத்தர் அந்த வீட்டுக்கு நேர்ல போய்ச் சொன்ன பெறகுதான் குரூப்புல வரணும். நடந்து போனா ரெண்டு தெருதான இருக்கும்.

ஜெப வேண்டுதல்லயும் கவனம் வேணும். இன்ன வீட்டுப் பொண்ணுக்கு இன்ன ஆபரேஷன்னு அந்தப் புள்ளகிட்ட கேக்காமலே போட்டுடுறாங்க, நாளைக்கு சம்பந்தம் பேசுற எடத்துல அதே ஸ்கிரீன்ஷாட் வந்து நிக்கும். "ஒரு நோயாளிக்காக"ன்னு போட்டா கடவுளுக்குப் புரியாதா என்ன.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நேரத்துல பாருங்க, படகுல போக பேரு குடுக்கணும்னு ஆதார் போட்டோவ அப்படியே குரூப்புல தட்டி விடுறாங்க. குரூப்புல இருக்குற அத்தன பேரு போன்லயும் அது போய் உக்காந்துடுது. பேரு எழுதுற ஆளுகிட்ட நேர்ல குடுங்க, இல்லாட்டி அவருக்கு மட்டும் தனியா அனுப்புங்க. மத்த வேலைக்கெல்லாம் முன்னாடி நம்பர் மறைச்ச மாஸ்க்டு ஆதார் ஆதார் வெப்சைட்லயே கெடைக்குது. புதுநன்மை (முதல் தடவ நற்கருணை) எடுக்குற புள்ளைங்க போட்டோவும் அப்படித்தான், தாய் தகப்பன்கிட்ட கேட்டுட்டு போடுங்க, பேரு, பள்ளிக்கூடம், தெருவெல்லாம் சேத்துப் போட வேணாம்.

லைவ் பத்தி. கொடியேத்தத்தன்னைக்குக் காலைல புதுசா சேனல் தொறந்து லைவ் போடலாம்னு பாத்தா நடக்காது, யூடியூப்புல முதல் தடவ லைவ் ஆன் பண்ண 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், போன்லேந்து போடணும்னா 50 சப்ஸ்கிரைபராவது வேணும். அடுத்து சத்தம். கடக்கரைக் காத்துல போன் மைக்க நம்புனா பிரசங்கம் கேக்காது, உஸ்ஸுனு காத்துதான் கேக்கும், மைக் செட்டுக்காரர்கிட்ட சொல்லி மிக்ஸர்லேந்து ஒரு வயரு இழுத்துக்கங்க. கேசட்டுப் பாட்டு ஓடுனா காப்பிரைட்னு யூடியூப்காரன் லைவ்வயே நிறுத்திடலாம், நம்ம பாடகர் குழு பாடுனா அந்தத் தொல்ல கம்மி. ஃபேஸ்புக் லைவ் 2025 பிப்ரவரிலேந்து 30 நாள்ல அழிஞ்சிடுது, சப்பரம் வீடியோ வேணும்னா உடனே எறக்கி வச்சுக்கங்க. லைவ்வ வெளிநாட்டுல இருக்குற புள்ளைங்களும் படுக்கையில கெடக்குற பெரியவங்களும்தான் முழுசா பாக்குறாங்க, அவங்களுக்கு கமெண்ட்ல ஒரு பதில் போட ஆளு வைங்க. சும்மா வியூஸ் எண்ணிக்கிட்டு இருந்தா என்ன உறவு வளரும்?

நேரம் பாக்காம கூட்டம் வைக்கிறதும் ஒரு தப்பு. மீன்துறை அனுமதி டோக்கன் போட்டு விசைப்படகு கடலுக்குப் போற நாள்ல ராத்திரி ஜூம் மீட்டிங்னா ஆம்பளைங்க எப்படி வருவாங்க, நடுக்கடல்ல சிக்னல் ஏது? ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகுக்காரங்கள்லாம் கரையிலதான் இருப்பாங்க, அப்போ வைங்க, அதுவும் ஜூம்ல இல்ல, கோயில் முற்றத்துலயே வைங்க.

காணிக்கைக்கு க்யூஆர் வைக்கிறப்போ கோயில் கணக்குக்கே வைக்கணும், தனி ஆளோட ஜிபே நம்பர் வேணாம். மண்டபம் அகதி முகாம்லேந்து போயி கனடா குடியுரிமை வாங்குன சொந்தம் கோயிலுக்குப் பணம் அனுப்புறேன்னு சொன்னா, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாம வாங்கக்கூடாது. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குற நம்ம புள்ளைங்க வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்புறது வேற கணக்கு, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காம ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க.

அப்புறம் சேனல் தொறக்குற அந்த ஜிமெயில் ஐடி. ஃபாதருக்கு மாற்றல் வந்துடும், சேனல் தொறந்த பையன் துபாய்க்குப் போயிடுவான், பாஸ்வேர்டும் கூடவே போயிடும், புதுசா வந்த ஃபாதர் மறுபடி சைபர்லேந்து சப்ஸ்கிரைபர் சேத்துக்கிட்டு இருப்பாரு. பங்கு பேர்ல, அதாவது ஃபாதர் பொறுப்புல இருக்குற நம்ம கோயில் சபை பேர்ல, ஒரு ஐடி போடுங்க, பங்குப் பேரவையில ரெண்டு பேருக்காவது பாஸ்வேர்டு தெரியட்டும், ஒரு தாள்ல எழுதி ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருக்குற பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க.