அல்பாக்கா வாங்கும் முன் சங்கத்தில் சேருங்கள்

விக்டோரியாவில் எங்கள் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியதும் பலருக்கு அல்பாக்கா ஆசை வந்துவிடுகிறது; கம்பளிக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்துத் தென்னமெரிக்க மிருகம் அது. ஆஸ்திரேலிய அல்பாக்கா சங்கத்தின் வட்டாரக் கிளையில், புதிதாக வளர்ப்பவர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர்களில் நானும் ஒருத்தி. வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை மிருகத்தை வாங்கிய பிறகு வருபவை. வாங்குவதற்கு முன்பே பேசியிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, சங்கத்தில் சேர்ந்து உங்கள் வட்டாரக் கிளையின் கூட்டத்துக்கோ அல்பாக்கா கண்காட்சிக்கோ போவது. 1990இல் தொடங்கிய சங்கம் இது. வம்சப் பதிவேடு, காட்சிகள், பயிற்சிகள் எல்லாம் உண்டு. ஆனால் புதியவருக்குப் பெரிய சொத்து பக்கத்து ஊரில் பல வருடம் அல்பாக்கா வளர்த்த மனிதர்தான். அவர் பட்டியில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தாலே நிறைய விளங்கிவிடும்.

எத்தனை வாங்குவது? ஊரில் ஒற்றை ஆட்டைக் கட்டி வளர்த்த பழக்கத்தில் சிலர் ஒன்று போதும் என்பார்கள். கூடவே கூடாது. இது கூட்டமாக வாழும் பிராணி. தனியாக விட்டால் ஏங்கி மெலியும். குறைந்தது இரண்டு, மூன்று இருந்தால் நல்லது. நரியிடமிருந்து ஆட்டுக்குட்டிகளைக் காக்கத்தான் அல்பாக்கா வேண்டும் என்றால் காயடித்த ஆண்களே போதும், விலை கூடிய பெட்டைகள் தேவையில்லை. புட்டிப்பால் குடித்து, மனிதரோடு செல்லமாக வளர்ந்த ஆண் குட்டியை மட்டும் வாங்காதீர்கள். வளர்ந்ததும் மனிதரையே இன்னொரு கிடாயாக நினைத்து முட்டித் தள்ளும். அதைத் திருத்துவது மிகவும் கடினம்.

மிருகம் வந்து இறங்கும் முன் உங்கள் நிலத்துக்கு அரசின் அடையாள எண் வாங்கியாக வேண்டும், இரண்டே மிருகம் என்றாலும். வாங்கும்போது காதுப் பட்டையின் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தில் உடல்நல அறிக்கை கேளுங்கள். 'கியூ-அல்பாக்கா' என்ற நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் விற்பவரின் பட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் இருப்பவர்கள், ஒரு வயது தாண்டிய மிருகம் இறந்தால் குடலைத் தாக்கி மெலியவைக்கும் ஜோனீஸ் நோய் இருக்கிறதா என்று மருத்துவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்யவேண்டும். விற்பவர் நல்லவர் என்பது வேறு, தாள் வேறு.

இனி எல்லாரும் கற்க வேண்டிய ஒன்று: கையால் பார்ப்பது. அடர்ந்த கம்பளிக்குள் எலும்பும் தோலுமான உடல் ஒளிந்திருக்கும். கண்ணுக்குக் கொழுகொழுவென்றுதான் தெரியும். கடைசி விலா எலும்புக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பின் மேல் கையை வையுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். கம்பளியை அழுத்தித் தோல்வரை போங்கள். இரு பக்கமும் கூரைபோல நேராகச் சரிந்தால் சரி. உள்ளே குழிந்தால் மெலிவு, உருண்டு மேடாக இருந்தால் கொழுப்பு. இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், 3 நடுவானது. மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். எழுத்தில் படித்து இது கைவராது. கிளைப் பயிற்சிக்குப் போய், மெலிந்ததையும் கொழுத்ததையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள்.

தெற்கே குளிர்காலத்தில் வெயில் போதாது. ஆண்டிஸ் மலை உச்சியின் கடும் வெயிலுக்குப் பழகிய இனம் என்பதால், குட்டிகளுக்கும் கருநிற மிருகங்களுக்கும் வைட்டமின் டி குறைந்து கால் எலும்பு வளையும். ஊசி எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கோடை முடிவில் தலை ஆடுகிறது, கால் தள்ளாடுகிறது என்றால் ரைபுல் என்ற மேய்ச்சல் புல்லைச் சந்தேகியுங்கள். அந்தப் புல்லுக்குள் வாழும் பூஞ்சையின் நஞ்சுதான் காரணம். உடனே மேய்ச்சலை மாற்றி வைக்கோல் போடுங்கள்.

சினைக்காலம் பதினோரு மாதத்துக்கு மேல். பெரும்பாலும் காலையிலிருந்து மதியத்துக்குள் ஈன்றுவிடும். பின்னேரம் வலி தொடங்கினாலோ, மூக்கும் இரு முன்னங்கால்களும் தவிர வேறெது முதலில் வந்தாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து சேரும்வரை எங்களில் யாராவது தொலைபேசியில் கூடவே இருப்போம். முதல் நாள் சீம்பால் குடித்ததா என்பதுதான் அப்புறம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி.

அழைக்கும்போது வயது, கடைசியாக ஈன்ற தேதி, அந்த மதிப்பெண், இப்போது மேய்கிற புல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கைபேசியில் எடுத்த சிறு காணொளியும் அனுப்புங்கள். உங்கள் பட்டியில் பிறப்பு, இறப்பு, விற்பனை எது நடந்தாலும் அந்த வாரமே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். அடுத்து வாங்க வருபவர் அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.