பி-ஸ்பைஸ் மாடலைக் கீகேடில் ஓட வைப்பது: டிஎல்072 வைத்து ஒரு செய்முறை

டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப்புக்கு (சிக்னலைப் பெருக்கும் ஐசி) டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தரும் பழைய மாடல், அதாவது அந்த ஐசியின் நடத்தையைக் கணினிக்குச் சொல்லும் விவரிப்பு, பி-ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரை மனதில் வைத்து எழுதியது. நம்மிடம் இருப்பதோ சர்க்யூட் வரையும் மென்பொருளான கீகேட். அதற்குள் ஓடும் சிமுலேட்டர் என்ஜி-ஸ்பைஸ். இரண்டும் 1970களில் பெர்க்லியில் பிறந்த ஸ்பைஸின் வழி வந்தவை. பங்காளிகள் மாதிரி: தாத்தா ஒருவர்தான், பேச்சு மட்டும் கொஞ்சம் மாறும்.

1. கோப்பைத் திறந்து படியுங்கள்

மாடல் என்பது வெறும் உரைக் கோப்பு. நோட்பேடிலேயே திறக்கும். உள்ளே படிக்க முடியாத எழுத்துக் குவியல் இருந்தால் அது பூட்டிய மாடல். பி-ஸ்பைஸை விட்டு வெளியே வராது, வேறு மாடல் தேடுங்கள். படிக்க முடிந்தால் ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் கை வையுங்கள்.

‘பாலி’ என்ற சொல் வரும் நீளமான வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை என்ஜி-ஸ்பைஸ் புரிந்துகொள்ளும்.

2. கால்களின் வரிசை

என் அனுபவத்தில் பாதிக் கோளாறு இங்கேதான். மாடலின் சப்சர்க்யூட் வரியில் (மாடலின் பெயரையும் இணைப்புப் புள்ளிகளையும் சொல்லும் தொடக்க வரி) 1 2 3 4 5 என்று இருக்கும். அதன் பொருள் மேலே உள்ள குறிப்பு வரிகளில் இருக்கிறது: பிளஸ் உள்ளீடு, மைனஸ் உள்ளீடு, பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, வெளியீடு. ஆனால் ஐசியில் 1ஆம் கால் வெளியீடு! நான் முதல்முறை எண்ணுக்கு எண் அப்படியே இணைத்துவிட்டு, ஒரு மாலை முழுக்க ரெசிஸ்டர் மதிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை, விடை மட்டும் தப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப், மாடலில் ஒன்றுதான். அதனால் நகல் கோப்பின் கடைசியில் ஓர் உறை சப்சர்க்யூட், அதாவது அந்த மாடலை இரண்டு முறை உள்ளே வைத்த சப்சர்க்யூட், எழுதுவோம். (சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் முன்னால் ஒரு புள்ளி.)

.சப்சிகேடி டிஎல்072டூயல் 1 2 3 4 5 6 7 8
எக்ஸ்ஏ 3 2 8 4 1 டிஎல்072
எக்ஸ்பி 5 6 8 4 7 டிஎல்072
.எண்ட்ஸ்

நடு வரிகளில் இருப்பவை ஐசியின் கால் எண்கள், மாடல் கேட்கும் வரிசையில். 3 பிளஸ் உள்ளீடு, 2 மைனஸ் உள்ளீடு, 8 பிளஸ் சப்ளை, 4 மைனஸ் சப்ளை, 1 வெளியீடு. இனி வெளியே 1 முதல் 8 வரை நேருக்கு நேர்.

3. கீகேடில் இணைப்பு

கீகேட் 7 அல்லது அதற்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்கிறேன். சிம்பலின் பண்புகளில் சிமுலேஷன் மாடலைத் திறந்து, கோப்பைக் காட்டி, உறையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பின் இணைப்புப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் சிமுலேஷன் அமைப்பில் இணக்க முறையை (எந்த ஸ்பைஸின் பேச்சுப்படி கோப்பைப் படிப்பது என்பது) பி-ஸ்பைஸ் என்று வையுங்கள்.

4. எழுத்துப் பொறிகள்

ஸ்பைஸ் கோப்பில் ‘எம்’ என்றால் மில்லி, பெரிய எழுத்தாக இருந்தாலும் சரி. மெகாவுக்கு ‘மெக்’ என்றே எழுத வேண்டும். கெப்பாசிட்டருக்கு ‘1எஃப்’ என்று போட்டால் ஒரு ஃபாரட் கிடைக்காது, ஒரு ஃபெம்டோஃபாரட்தான்.

பவர் ஐசி மாடல்களில் ‘விஸ்விட்ச்’ (வோல்ட்டேஜால் இயங்கும் ஸ்விட்ச்) வரும். இணக்க முறையிலும் அடம்பிடித்தால் சாதாரண ‘எஸ்டபிள்யூ’ ஸ்விட்சாக மாற்றலாம்: வி-ஆன் (ஸ்விட்ச் முழுதாக மூடும் வோல்ட்டேஜ்) 2, வி-ஆஃப் (முழுதாகத் திறக்கும் வோல்ட்டேஜ்) 1 என்றால், விடி (மாறும் நடுப்புள்ளி) அவற்றின் சராசரி 1.5, விஹெச் (நடுப்புள்ளிக்கு இருபுறமும் உள்ள இடைவெளி) வித்தியாசத்தில் பாதி 0.5. மூலத்தில் மெதுவாக மாறிய ஸ்விட்ச் இங்கே படக்கென்று மாறும், அதை மறக்க வேண்டாம். எல்டி-ஸ்பைஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் என்றால் விஹெச்சை மைனஸ் 0.5 ஆக வைத்தால் மெதுவான மாற்றம் திரும்பக் கிடைக்கும்.

5. சோதனை

உங்கள் பெரிய சர்க்யூட்டில் உடனே போட வேண்டாம். 8க்கு +15, 4க்கு -15 வோல்ட். 1ஐ 2உடன் சேர்த்து பஃபர் (உள்ளீட்டை அப்படியே வெளியே தருவது) ஆக்குங்கள். சும்மா இருக்கும் இரண்டாவதையும் அந்தரத்தில் விடாமல் 5ஐக் கிரவுண்டிலும் 6ஐ 7இலும் கட்டுங்கள். சப்ளைக் கால்கள் கீகேடில் தனி யூனிட். அதை வரைபடத்தில் வைக்க மறப்பவர்கள் நிறைய.

3இல் -5இலிருந்து +5 வோல்ட்டுக்குத் தாவும் பல்ஸ் கொடுத்து வெளியீடு ஏறும் வேகத்தைப் பாருங்கள். பழைய டேட்டாஷீட் மைக்ரோ விநாடிக்கு 13 வோல்ட் என்கிறது, ஆக 10 வோல்ட் ஏற ஒரு மைக்ரோ விநாடிக்குள் முடிய வேண்டும். வெளியீடு சப்ளைப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டால், 3 2 8 4 1 என்ற வரியை விரல் வைத்து மறுபடி படியுங்கள்.