ஜப்பானிய டிரே முன்னால் உட்கார்ந்தால் என்ன செய்வது?

ஜப்பானில் மதியம் ஒரு சாதாரணக் கடைக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கிடைப்பது தெய்ஷோகு. சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், மீனோ இறைச்சியோ ஒன்று, கொஞ்சம் ஊறுகாய், எல்லாம் ஒரே டிரேயில் வந்துவிடும். சுஷியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை ஒழுங்காகச் சாப்பிடத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

1. உட்கார்ந்ததும் ஈரத்துண்டு தருவார்கள். கை துடைக்க மட்டும்தான். வெயிலில் வந்த அலுப்பில் முகம், கழுத்து என்று போகாதீர்கள்.

2. கைகூப்பி, மெல்லிய குரலில் "இதடாகிமாஸ்" (நன்றியோடு பெற்றுக்கொள்கிறேன்) சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

3. ஒட்டியிருக்கும் மரச் சாப்ஸ்டிக்கைப் பிரித்தபின் இரண்டையும் உரசக் கூடாது. குச்சி மட்டம் என்று கடைக்காரரைக் குத்திக்காட்டியதாகிவிடும்.

4. இதுதான் முக்கியம். இடது கை சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அங்கே பாதி வேலை அதற்குத்தான். சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப் வலப்பக்கம் இருக்கும். முதலில் இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்து இடது கைக்கு மாற்றுங்கள்: நான்கு விரல் அடியில், கட்டைவிரல் விளிம்பில். அதன்பிறகே சாப்ஸ்டிக். கிண்ணம் வாய்க்கு வர வேண்டும். தலை கிண்ணத்துக்குக் குனியக் கூடாது. பெரிய தட்டுகளை மட்டும் தூக்க வேண்டாம். சொட்டுமே என்று உள்ளங்கையைக் கீழே ஏந்துவது நமக்கு நாகரிகமாகத் தோன்றும், அங்கே அது குறை. அதற்குப் பதில் சிறு கிண்ணத்தைப் பிடியுங்கள்.

சூப்புக்கு ஸ்பூன் தேடாதீர்கள். கிண்ணத்திலிருந்தே குடித்து, உள்ளே கிடக்கும் டோஃபுவைக் குச்சியால் எடுத்துக்கொள்ளலாம். மூடி இறுகியிருந்தால் கிண்ணத்தின் பக்கங்களை லேசாக அழுத்துங்கள், காற்று புகுந்து விட்டுவிடும். (சைவர்கள் கவனிக்க: சூப்பின் அடித்தண்ணீர் பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் இறக்கியது.)

5. முழு மீன் வந்தால் தலை இடப்பக்கம் இருக்கும். மேல்பக்கச் சதையைத் தலைப்பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள். முடிந்ததும் மீனைப் புரட்டக் கூடாது. நடு முள்ளைக் கிளப்பித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அடியில் இருப்பதை எடுக்க வேண்டும். முதல்முறை கொஞ்சம் சிதறத்தான் செய்யும்; முள்ளையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தாலே போதும்.

6. வேறு எதில் தவறினாலும் சிரித்து விட்டுவிடுவார்கள், இந்த இரண்டில் முகம் மாறும். சோற்றில் சாப்ஸ்டிக்கை நட்டு நிறுத்துவது ஒன்று: இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிச் செய்வார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது மற்றது. தகனத்துக்குப் பிறகு உறவினர்கள் எலும்புகளைக் குச்சியால் கைமாற்றும் சடங்கு அது. பகிர வேண்டுமென்றால் அவர் தட்டில் வைத்துவிடுங்கள்.

7. நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சலாம். வாயைத் திறந்து மெல்லக் கூடாது.

8. முடித்ததும் மூடியைப் பழையபடி மூடி, குச்சியை அதன் தாங்கியில் வையுங்கள். கிளம்பும்போது "கொச்சிசோசமா தெஷ்தா" (சாப்பாட்டுக்கு நன்றி) சொல்லலாம். பணம் பெரும்பாலும் வாசலருகே கல்லாவில் கட்டுவது. டிப்ஸ் வேண்டாம், மேஜையில் வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து கொடுக்கக்கூடும்.