டோன் மங்கினால் ட்ரெபிளைக் கடைசியில் தொடுங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரை நேராக ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகினால் பளிச்சென்று கேட்கிறது. நடுவில் பெடல்கள், அதாவது காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டிகள், நாலைந்து வந்ததும் ஒலி அமுங்கிவிடுகிறது. உடனே கை ட்ரெபிள் குமிழுக்கு, அதாவது உயர் அதிர்வெண்களைக் கூட்டும் குமிழுக்குப் போகும். அது போதவில்லை என்றால் அடுத்து ஒரு ஈக்யூ பெடலோ (அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) பூஸ்டரோ (சிக்னலைப் பலப்படுத்துவது) வாங்குவோம். பிரைட்னஸ் எங்கே தொலைந்தது என்று மட்டும் தேட மாட்டோம். பெடல் விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கருத்து.

முதல் சந்தேகம் கேபிள் மேல் வர வேண்டும். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப், பேட்டரி இல்லாத சாதாரண வகையில், காந்தங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. அதிலிருந்து வரும் சிக்னலின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) அதிகம். கிட்டார் கேபிளுக்கோ மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும். கிட்டாரிலிருந்து பெடல்களை அடுக்கிய போர்டுக்கு 6 மீட்டர், பெடல்களுக்கு இடையே துண்டுக் கேபிள்கள், போர்டிலிருந்து ஆம்ப்புக்கு இன்னொரு 6 மீட்டர் என்று கூட்டிப் பாருங்கள். பெடல்கள் எல்லாமே ட்ரூ பைபாஸ் வகையாக (அணைத்தால் சிக்னலை அப்படியே கடத்திவிடுபவையாக) இருந்து, எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தால், பிக்கப் இந்த மொத்த நீளத்தையும் தனியாளாகத் தள்ள வேண்டும். அதில் முதலில் அடிபடுவது ட்ரெபிள்.

இதற்குத் தீர்வு பஃபர். அது சிக்னலை உயர்ந்த இம்பீடன்ஸில் வாங்கி, தாழ்ந்த இம்பீடன்ஸில் வெளியே அனுப்பும். அதற்குப் பிறகு கேபிள் நீளமாக இருந்தாலும் பெரிய பாதிப்பு இருக்காது. ட்ரூ பைபாஸ் என்றாலே தரம், பஃபர் என்றாலே டோனைக் கெடுப்பது என்ற நம்பிக்கை பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. அதை விட்டுவிடலாம். நல்ல பஃபர் ஒன்று போர்டின் தொடக்கத்தில் இருந்தால் பெரும்பாலான போர்டுகளுக்குப் போதும். ஆனால் பஃபருக்கு முன்னால் போன ட்ரெபிளை அதனால் மீட்டுத் தர முடியாது. அதனால் கிட்டாரிலிருந்து முதல் பெடலுக்கு வரும் கேபிளைத் தேவைக்கு மேல் நீளமாக வைக்காதீர்கள்.

இதைச் சோதிப்பது சுலபம். ஒரே ஒரு குட்டைக் கேபிளில் நேராக ஆம்ப்பில் வாசியுங்கள். அப்புறம் எல்லாப் பெடல்களையும் அணைத்து, போர்டு வழியாக அதையே வாசியுங்கள். இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால் குற்றவாளி கேபிள் இல்லை.

பஃபருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ஒலியைக் கரகரப்பாகச் சிதைக்கும் ஃபஸ் பெடல். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸும் அதன் வழியில் வந்த பெடல்களும் இம்பீடன்ஸ் குறைவான உள்ளீடு கொண்டவை. பிக்கப்போடு நேரடியாகப் பேசும்படி இருந்தால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். முன்னால் பஃபர் வந்தால் ஒலி கூர்மையாகிக் காதைக் குத்தும். கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் ஃபஸ் கரைந்து கண்ணாடி போன்ற தெளிந்த ஒலி வருமே, அந்த அழகும் போய்விடும். பலரும் ட்யூனர் பெடலைத்தான் முதலில் வைப்பார்கள். அதற்குள் பஃபர் இருக்கலாம் என்பது தோன்றாது. ஃபஸ் வைத்திருப்பவர்கள் அதையே முதலில் வைத்து, பிறகு ட்யூனரையோ பஃபரையோ வையுங்கள்.

சரி, கேபிள் பிரச்சினை இல்லை. ஒலி இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. இப்போது ஈக்யூவைத் தொடலாம். ஆனால் எந்த ஸ்லைடரை? வழக்கமான ட்யூனிங்கில் மெல்லிய கம்பியைத் திறந்து மீட்டினால் 330 ஹெர்ட்ஸ். 24ஆவது ஃப்ரெட்டில்கூட 1,319தான். நாம் பிரைட் என்று சொல்வது அந்த ஸ்வரத்தின் மேல் எழும் ஹார்மானிக்ஸ் (அதன் மடங்கு அதிர்வெண்கள்), முக்கியமாக 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளவை. அதற்கு மேல் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கரே சட்டென்று இறங்கிவிடும். பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7 போன்ற ஏழு ஸ்லைடர் பெடலில் 6.4 கிலோஹெர்ட்ஸை மேலே தள்ளினால் பெரும்பாலும் இரைச்சல்தான் கூடும். 3.2இலோ 1.6இலோ கொஞ்சம் ஏற்றினால் பலன் தெரியும். அதற்கும் முன்னால் 200 ஹெர்ட்ஸைச் சற்று இறக்கிப் பாருங்கள். பல சமயம் எதையும் ஏற்றாமலே தெளிவு வந்துவிடும்.

டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு) குழம்பிப் போனால், அதற்குப் பின்னால் ட்ரெபிளை ஏற்றுவது இன்னொரு பெரிய தவறு. டிஸ்டார்ஷனில் சிக்னலின் உச்சிகள் நசுங்கும்போது புதிய ஹார்மானிக்ஸ் ஏராளமாகப் பிறக்கின்றன. பின்னால் ட்ரெபிள் ஏற்றினால் அவையும் சேர்ந்து கிளம்பி ஒலி பொரியத் தொடங்கும். குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்டார்ஷனுக்குள் நுழையும் அதிகப்படியான பேஸ் (தாழ்ந்த அதிர்வெண்கள்). எனவே நுழைவதற்கு முன்பே பேஸை வெட்டுங்கள். ட்யூப் ஸ்க்ரீமர் பெடலின் சூட்சுமம் இதுதான்: சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதற்குக் கெயினை (பெருக்கத்தின் அளவை) குறைத்துவிட்டுத்தான் அது சிக்னலை நசுக்குகிறது. ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் இருக்கும் ஆம்ப்புக்கு முன்னால் அதை வைத்து, டிரைவை (சிதைவின் அளவை) குறைத்து லெவலை (வெளியே போகும் சத்தத்தை) ஏற்றினால் ஒலி இறுகித் தெளிவாவது இதனால்தான். 1960களின் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டரும், மந்தமாக ஒலித்த வால்வு ஆம்ப்களுக்கு முன்னால் நின்று கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்தது.

பவர் சப்ளையை டோனோடு யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. அனலாக் பெடல்களையும் அதிக மில்லிஆம்பியர் கேட்கும் டிஜிட்டல் பெடல்களையும் ஒரே அடாப்டரில் சரம்போல் கோத்தால் இரைச்சல் வரலாம். அதை மறைக்க டோனைக் குறைப்போம். பிரைட்னஸும் அதோடு போகும். தனித்தனி வெளியீடுகள் கொண்ட ஐசொலேட்டட் சப்ளை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். இருந்தாலும் மாட்டும் முன் பெடலில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுங்கள்.

கம்பிகளையும் பாருங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறிய பழைய கம்பியில் மேல் ஹார்மானிக்ஸே பிறப்பதில்லை. இல்லாததைப் பெடல் எப்படி ஏற்றும்? கிட்டாரின் வால்யூம் 7இல் நின்றாலும் ட்ரெபிள் குறையும். அதையும் ஒருமுறை 10இல் வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, கேட்கும் இடம். கிட்டார் ஸ்பீக்கர் ட்ரெபிளை நேர் எதிரே குறுகலாக வீசும். தரையில் இருக்கும் ஆம்ப்பின் பக்கத்தில் நின்றால் அது முழங்காலுக்குத்தான் கேட்கும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஏற்றிக்கொண்டே போவோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்ப்பைச் சாய்த்து முகத்தை நோக்கி வையுங்கள், அல்லது எதிரே போய்க் குனிந்து கேளுங்கள். சத்தத்தின் அளவும் காதை ஏமாற்றும். மெதுவாகக் கேட்கும்போது பேஸும் ட்ரெபிளும் குறைவாகத் தெரியும் என்பதால், அறையில் அமைத்த டோன் மேடையில் கூச்சலாகிவிடும். பெடலைப் போட்டும் அணைத்தும் ஒப்பிடும்போது லெவலைச் சமமாக வையுங்கள். இல்லாவிட்டால் எது சத்தமோ அதுவே நல்லதாகத் தோன்றும். இறுதி அமைப்பை டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் கூட வாசிக்கும்போது முடிவு செய்யுங்கள். தனியாகக் கேட்டபோது மூக்கடைத்ததுபோல் தோன்றிய மிட் (நடு அதிர்வெண்கள்) தான் அங்கே உங்கள் கிட்டாரை வெளியே கொண்டுவரும்.