பந்தைத் தூக்கிவிடத் துடிக்கும் மணிக்கட்டு: கோல்ஃப் ரிலீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கோல்ஃப் பழகுபவர் 7-ம் நம்பர் அயர்ன் என்ற கிளப்பால் (மட்டையால்) பந்தின் நடுவயிற்றில் அடிக்கிறார். பந்து தரையோடு ஓடுகிறது. "தலையைத் தூக்கிட்டீங்க" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அடுத்த அடிக்குத் தலை அசையவே இல்லை, ஆனால் கிளப் பந்துக்குப் பின்னால் மண்ணில் குத்துகிறது. எந்தப் பயிற்சி ரேஞ்சிலும் காணக்கூடிய காட்சி இது. இரண்டு அடியும் கெட்டதற்குக் காரணம் ஒன்றுதான், அது தலையில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. பந்தை அடிக்கும் நேரத்தில் மணிக்கட்டும் முன்கையும் அவிழ்வதைத்தான் ரிலீஸ் என்கிறார்கள்.

நிற்கும் முறை, பந்தைப் பார்ப்பது போன்றவற்றை எல்லாரும் சொல்லித் தருவதால் இங்கே விட்டுவிடலாம். கீழே உள்ளவை வலது கை ஆட்டக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பந்தைக் கையால் தூக்குவது

கிளப் பந்தை நெருங்கும் கடைசி ஓரடியில் வலது உள்ளங்கை பந்துக்கு அடியில் போகப் பார்க்கிறது. இடது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்குகிறது. கைகளை முந்திக்கொண்டு கிளப் ஹெட் ஓடுகிறது. இந்த ஒரு மடிப்பு மூன்று விதத்தில் கெடுக்கிறது.

முதலாவது, வீச்சின் தாழ்ந்த புள்ளி இடம் மாறுகிறது. நல்ல ஆட்டக்காரர் அயர்னை வீசும்போது அந்தப் புள்ளி பந்தைத் தாண்டி ஏறக்குறைய 10 செ.மீ. முன்னால் இருக்கும். மணிக்கட்டு மடங்கினால் அது பந்துக்குப் பின்னால் போய்விடும். அப்போது கிளப் மண்ணைத் தொட்டால் ஃபேட், தொடாமல் மேலேறியபடி பந்தின் நடுவில் பட்டால் தின். இரண்டாவது, ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பின்னால் சாய்வதால் லாஃப்ட், அதாவது பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வு, கூடுகிறது. 7-ம் நம்பர் அடி 9-ம் நம்பர் போல உயரப் போய், தூரம் போகாமல் விழுகிறது. மூன்றாவது, ஃபேஸ் (அந்த முகம்) வேகமாகத் திரும்பிக்கொண்டே பந்தை அடைகிறது. பந்தும் ஃபேஸும் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய 2000-ல் ஒரு பங்கு விநாடி. அதைக் கையால் குறிபார்த்து நேராக்க யாராலும் முடியாது. ஒரு பந்து இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று போவது இதனால்தான்.

இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் நோயைவிட மோசம்: "மணிக்கட்டை இறுக்கிக்கோ." மணிக்கட்டு வீணாக மடங்குவதில்லை, வேறு எங்கோ நடந்த பிழையைச் சரிக்கட்டவே மடங்குகிறது. பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் எடுக்கும்போது) ஃபேஸ் திறந்துவிட்டால், அதாவது வலப்பக்கம் திரும்பிவிட்டால், கடைசி நேரத்தில் அதை மூடக் கை சுண்டுகிறது. இடுப்பு நின்றுபோய், எடை வலது காலிலேயே தங்கி, நெஞ்சு பந்தைப் பார்த்தபடி இருந்தால், கைகள் முன்னே போக வழியின்றி மணிக்கட்டு மடங்கித்தான் தீரும். காரணத்தை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் பூட்டினால் பந்து வலப்பக்கம் பறக்கிறது. பயந்துபோன கை அடுத்த பந்தில் இன்னும் பலமாகச் சுண்டுகிறது. மாதக்கணக்கில் பலர் இதிலேயே சுற்றுவதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

எனவே ஃபேஸிலிருந்து தொடங்குங்கள். குனிந்து பார்க்கும்போது இடது கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். பிறகு ஷாஃப்ட் இடுப்பு உயரத்தில் தரைக்கு இணையாக வரும்வரை பின்னால் எடுத்து நிறுத்துங்கள். கிளப்பின் மூக்கு வானத்தைத் தாண்டிப் பின்னால் சாய்ந்திருந்தால் ஃபேஸ் திறந்திருக்கிறது.

அடுத்தது எடை. பந்தைத் தொடும் நேரத்தில் எடையின் பெரும்பகுதி இடது காலில் இருக்க வேண்டும், பெல்ட் பக்கிள் இலக்குப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

மணிக்கட்டு கடைசியில்தான். தரையில் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் பிட்சிங் வெட்ஜால் இடுப்பிலிருந்து இடுப்புவரை மட்டும் வீசுங்கள். டிவாட் (கிளப் பெயர்த்தெடுக்கும் புல்மண்) கோட்டிலோ அதன் இலக்குப் பக்கத்திலோ தொடங்க வேண்டும். சுவருக்கு பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷில் பிடி முன்னே போக முடி பின்னே இழுபடுகிறதல்லவா, கைகளும் கிளப் ஹெட்டும் அப்படிப் போக வேண்டும். இன்னும் தெளிவாக உணர, ஒரு நீளக் குச்சியைக் கிரிப்போடு (கிளப்பின் பிடியோடு) சேர்த்துப் பிடித்து, மேலே ஏறக்குறைய இரண்டடி நீண்டு இடது விலாவுக்கு வெளியே இருக்கும்படி வைத்து மெதுவாக வீசுங்கள். மணிக்கட்டு மடங்கியதும் குச்சி விலாவில் தட்டும். வேகம் கூட்டாதீர்கள், வலிக்கும்.

பந்தை உயர்த்தும் வேலை ஃபேஸின் சாய்வுக்கு உரியது. கிளப்பைச் செய்தவரே அதைச் செய்து கொடுத்துவிட்டார்.

லேக்கைப் பிடித்து வைப்பது

டவுன்ஸ்விங்கில் (கிளப் கீழே இறங்கும்போது) கைக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள கோணம்தான் லேக். அது கடைசிவரை நிற்பதைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு, அதைப் பலத்தால் பிடித்து வைப்பவர்கள் உண்டு. அந்தக் கோணம் உடல் முதலில் திரும்புவதால் தானாக வருவது. கைகளின் வேகம் குறையும்போது கிளப் ஹெட் முந்திப் பாய்ந்து கோணமும் தானாக அவிழும். அவிழவிடாமல் பிடித்தால் ஃபேஸ் திறந்தே பந்தை அடையும், தூரமும் குறையும்.

உச்சியிலேயே அவிழ்ப்பது

அந்தக் கோணத்தை மேலேயே அவிழ்த்துவிடாமல், டவுன்ஸ்விங்கைக் காலிலிருந்து தொடங்குங்கள்.

முன்கையை உருட்டுவது

ஸ்லைஸுக்கு (பந்து வலப்பக்கம் வளைவதற்கு) மருந்தாக இதைச் சொல்வார்கள். முன்கை சுழலத்தான் வேண்டும், ஆனால் உடல் திரும்புவதோடு சேர்ந்து சுழல வேண்டும். தனியாக உருட்டினால் ஸ்லைஸ் போய் ஹூக் (இடப்பக்கம் வளைவது) வரும். வெளியிலிருந்து உள்ளே வரும் கிளப்பின் பாதை அப்படியே இருக்கும்.

சாம்பியனின் மணிக்கட்டைக் காப்பியடிப்பது

ஸ்விங்கின் உச்சியில் டஸ்டின் ஜான்சனின் இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் நன்றாக வளைந்திருக்கும். பென் ஹோகனுடையது பின்பக்கம் மடங்கியிருக்கும். உச்சியில் இருவரும் நேர்எதிர், ஆனால் பந்தைத் தொடும்போது இருவரின் இடது மணிக்கட்டும் பின்னால் மடங்கியிருக்காது. ஜான்சனின் வளைவை எடுத்துக்கொள்பவர் அவருடைய உடல் திரும்பும் வேகத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லையேல் எல்லாப் பந்தும் இடப்பக்கம்தான்.

உள்ளங்கையில் பிடிப்பது

விரல்களில் பிடியுங்கள். உள்ளங்கையில் பிடித்தால், கிளப்பை மேலே தூக்க மணிக்கட்டு கட்டைவிரல் பக்கம் மடங்கவே இடமில்லை.

வலியோடு ஆடுவது

இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டுக்கு அருகே வலித்தால் நிறுத்துங்கள். கிரிப்பின் முனை அழுத்தி அங்குள்ள சிறு எலும்பு முறிவது கோல்ஃபில் அறியப்பட்ட காயம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிரைவரில் மட்டும் தூக்கலாம் என்று நினைப்பது

டிரைவரில் (தூரம் அடிக்கும் கிளப்பில்) கிளப் ஹெட் மேலேறியபடி பந்தைத் தொடுவது நல்லதுதான். அந்த ஏற்றம், பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைப்பதாலும் தோள்களை இலக்கிலிருந்து சற்றுப் பின்னால் சாய்ப்பதாலும் வர வேண்டும். அயர்னில் போல ஷாஃப்ட் முன்னால் சாய வேண்டியதில்லை, ஏறக்குறைய நேராக இருந்தால் போதும். இடது மணிக்கட்டுக்கு இங்கேயும் அதே விதி.