கல்லூரி வானொலியின் வரலாற்றை எழுத முனைவோருக்கு

மாணவர்கள் நடத்தும் வானொலி நிலையத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் ஆட்கள் எல்லோரும் மாறிவிடுகிறார்கள். நின்றுபோன ஒரு நிகழ்ச்சியைப் பின்னால் வந்தவர்கள் அறியாமலேயே மீண்டும் தொடங்குவதால், 'இதை நாங்கள்தான் ஆரம்பித்தோம்' என்று மூன்று பேட்ச்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள்; மூவரில் ஒருவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே நேர்காணலுக்குக் கிளம்பும் முன் அலுவலகக் கோப்புகளைப் பாருங்கள்.

இந்தியாவில் அனுமதியின்றி ஒலிபரப்ப முடியாது, அனுமதி என்றால் கோப்பும் இருக்கும் என்பது வரலாறு எழுதுபவருக்கு ஒரு வசதி. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002 டிசம்பரில்தான் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4 மெகாஹெர்ட்ஸில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கி, நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி (அந்தந்த வட்டார மக்களுக்காக நடத்தப்படும் சிறு வானொலி) ஆனது. எனவே ஒரு கல்லூரி, '1998 முதல் எங்களிடம் வானொலி உண்டு' என்று சொன்னால், அது பெரும்பாலும் மரத்தடியில் ஒலிபெருக்கி கட்டி மதிய இடைவேளையில் பாட்டும் அறிவிப்பும் போட்ட ஏற்பாடாகவே இருந்திருக்கும். அதை ஒதுக்கிவிடாதீர்கள், தனி அத்தியாயமாக எழுதுங்கள். ஆனால் ஒலிபரப்பு என்று எழுதாதீர்கள். அமெரிக்காவில் நிலைமை வேறு. பிரௌன் பல்கலைக்கழகத்தில் 1936இல் ஜார்ஜ் ஆபிரகாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரு மாணவர்கள் விடுதி அறைகளுக்கிடையே கம்பி இழுத்தே தங்கள் நிலையத்தை நடத்தினார்கள். உரிமம் பெறாத அத்தகைய நிலையங்களைப் பற்றி அரசுக் கோப்புகளில் தேடுவதைவிட மாணவர் இதழ்களில் தேடுவதே பலன் தரும்.

கோப்புகளில் அனுமதி ஒப்பந்தம், சோதனை ஒலிபரப்பு, திறப்பு விழா என மூன்று தேதிகள் கிடைக்கலாம். மூன்றையும் குறித்துவிட்டு, நிலையத்தின் பிறந்தநாளாக எதைக் கொள்கிறீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுங்கள்.

அடுத்தது ஒலிப்பதிவுகள். ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பது சமுதாய வானொலிகளுக்கான விதி. அதற்குப் பிறகு இடம் தேவைப்படும்போது அழித்துவிடுவார்கள். பழைய பதிவு ஒன்று கிடைத்தால் அது யாரோ அழிக்க மறந்தது என்றே கொள்ள வேண்டும். கேசட் கிடைத்தால் முதலில் அதன் முதுகு விளிம்பைப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பற்கள் உடைக்கப்பட்டிருந்தால், மேலே வேறெதுவும் பதிந்துவிடக் கூடாது என்று ஒருவர் கருதியிருக்கிறார். உடைந்த இடத்தைச் செல்லோடேப் ஒட்டி மூடியிருந்தால், பின்னால் வந்தவர் அதன் மேலேயே பதிந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட கேசட்டைக் கடைசி வரை ஓடவிடுங்கள். நான் கேட்ட ஒன்றில் கலைவிழாப் பாடல்கள் முடிந்து ஒரு சொடுக்குச் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து, நடுவாக்கியத்தில் தொடங்கி நான்கு நிமிடம், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நேயர் கடிதம் வாசிக்கப்பட்டது. மேலுறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒலி மங்கலாக இருந்தால் நாடாவின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். கேசட் கருவியில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அதன் அருகிலுள்ள சிறு திருகை, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் வரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாக மாற்றுங்கள். இரைச்சல் நீக்குவதை மூலக்கோப்பில் செய்யாமல் நகலில் செய்யுங்கள்.

நேர்காணலில் 'எந்த ஆண்டு?' என்று கேட்பதால் பயனில்லை. உங்களுக்கு முன் ஸ்டூடியோ சாவி யாரிடம் இருந்தது, நீங்கள் யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். சங்கிலி தானாகக் கோத்துக்கொள்ளும். 2004 டிசம்பர் சுனாமியின்போதும் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் நிலையத்தில் யார் இருந்தார்கள் என்பது சென்னைக்காரர்களுக்கு மறக்காது. 'நாங்கள் செய்தி வாசித்தோம்' என்று ஒருவர் சொன்னால் எதை வாசித்தார் என்று விசாரியுங்கள். இவ்வகை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லாததால், அது வளாக அறிவிப்பாகவோ தேர்வு அட்டவணையாகவோ இருந்திருக்கலாம். முடிந்தால் அவர்களை மிக்ஸர் முன்னாலேயே உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் கை வைத்ததும், கேட்காத விஷயங்களும் வரும்.

மாணவர்களோடு நிறுத்திவிடாமல், எல்லாப் பேட்ச்சும் 'அண்ணா' என்றழைத்த தொழில்நுட்பப் பணியாளரையும் தேடிப் பிடியுங்கள். எத்தனையோ பேட்ச் வந்து போனதைப் பார்த்தவர் அவர் ஒருவராகவே இருக்கலாம். பழைய ஒலிபரப்புப் பதிவேடுகள் எந்த அலமாரியின் மேல் கிடக்கின்றன என்பதும் பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.