ஆய்வக பில்லில் தள்ளுபடியைத் தானியக்கமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகம் இருந்தால் அங்கே யாரெல்லாம் வருவார்கள்? போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு பார்க்க வரும் விவசாயி, பால் சொசைட்டி, ஓட்டல்காரர், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் கம்பெனி நடத்துபவர். ஆளுக்கொரு சலுகை. அந்தக் கணக்கு பெரும்பாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரின் நினைவில்தான் இருக்கும். “ஏனுங்க, போன தடவை குறைச்சுக் கொடுத்தீங்கல்ல?” என்று கேட்டவருக்குக் குறையும், கேட்கத் தயங்குபவருக்குக் குறையாது. இது சரியில்லை என்றுதான் தள்ளுபடியை மென்பொருளில் ஏற்றுகிறார்கள். ஆனால் யாருக்கு, எதற்காக, எந்தத் தேதிவரை என்று ஆய்வகமே முடிவு செய்யாமல் ஏற்றினால், பழைய குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

அதிகம் பார்க்கும் தவறு, தள்ளுபடி கொடுப்பதற்குப் பதிலாக விலையையே திருத்திவிடுவது. சொசைட்டிக்கு 10 சதவீதம் என்றால், 500 ரூபாய் பரிசோதனையை “சொசைட்டி விலை 450” என்று விலைப்பட்டியலில் தனியாக ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் விலைப்பட்டியலில் ஒரே பரிசோதனை நான்கு பெயரில் நிற்கும். அடுத்த ஏப்ரலில் விலையை ஏற்றும்போது இரண்டு வரிகள் விட்டுப்போகும். கொடுத்த சலுகை வருடத்துக்கு எவ்வளவு என்று முதலாளி கேட்டால் எடுத்துக் காட்ட வழியே இருக்காது. பட்டியல் விலை எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தள்ளுபடி தனி வரியாக, காரணத்தோடு பில்லில் தெரியட்டும்.

அடுத்தது, சலுகை மேல் சலுகை. தனித்தனியாகப் பார்த்தால் 2,000 ரூபாய் ஆகும் பரிசோதனைகளை 1,500 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜாகக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 25 சதவீதக் குறைப்பு. அதன்மேல் உறுப்பினர் சலுகை 10 சதவீதம், மாதத்துக்கு நிறைய மாதிரி கொடுப்பவருக்கான அளவுச் சலுகை 5 சதவீதம் என்று கணினி வரிசையாகக் கழித்தால் 1,350 ஆகி, அப்புறம் 1,282.50 ஆகிறது. இரண்டையும் கூட்டி 15 சதவீதம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருந்தால் அவர் 1,275 எதிர்பார்ப்பார். ஏழரை ரூபாய்தான், ஆனால் மாதம் முழுக்க ஒவ்வொரு பில்லிலும் வந்தால் நம்பிக்கை போய்விடும். பேக்கேஜுக்கு வேறு தள்ளுபடி உண்டா, இருந்தால் கூட்டிக் கழிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா, அல்லது பெரியது ஒன்று மட்டுமா என்பதை முதலில் எழுதி வைக்க வேண்டும்.

வரியையும் இங்கேயே பார்த்துவிடலாம். தண்ணீர்ப் பரிசோதனைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பில் போடும்போதே காட்டிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி போட வேண்டும். 1,282.50க்கு வரி 230.85. தள்ளுபடிக்கு முந்தைய 1,500க்கு வரி கணக்கிட்டால் 270 ஆகும். வாடிக்கையாளர் 39 ரூபாய் 15 காசு கூடுதலாகக் கட்டுவார். நோயாளிக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால், இரண்டும் செய்யும் ஆய்வகம் தள்ளுபடியை மொத்தத் தொகையில் கழிக்காமல் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கழிப்பதே பாதுகாப்பு.

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் வாடிக்கையாளர் பதிவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இனிஷியல் முன்னால் வரும், கேரள ஆவணங்களில் பின்னால் வரும். கே. முருகேசனும் முருகேசன் கே.யும் ஒரே ஆள். கணினிக்கு இரண்டு பேர். அவருடைய மாத அளவு இரண்டாகப் பிரிந்து, எந்தக் கணக்கிலும் சலுகை வராது. ஆகவே பெயரை வைத்துத் தேடக் கூடாது. தனிநபருக்கு மொபைல் எண், நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி எண். அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் பான். வேலந்தாவளத்திலும் பொள்ளாச்சியிலும் கிளை வைத்திருக்கும் ஒரே நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி எண் இரண்டு, பான் ஒன்று. அளவுச் சலுகையைப் பான் வாரியாகச் சேர்த்துக் கணக்கிடலாம். பில் மட்டும் அந்தந்த ஜிஎஸ்டி எண்ணில் போக வேண்டும், 33க்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி), 32க்கு மத்திய, மாநில வரி பாதிப் பாதி. சலுகைக் குழுவும் வரி விதியும் மென்பொருளில் நிரப்பும் ஒரே கட்டத்தில் இருந்தால், “தமிழ்நாடு வாடிக்கையாளர்” என்று ஒரு குழு உருவாகி இரண்டையும் கெடுத்துவிடும்.

தேதியையும் மறக்கிறார்கள். நுண்ணுயிர்ப் பரிசோதனைக்குச் சில நாட்கள் ஆகும். மார்ச் 30 அன்று வந்த மாதிரிக்கு ஏப்ரலில் அறிக்கை, ஏப்ரலில் பில். எந்த மாதத்துச் சலுகை? மாதிரி பதிவான தேதியை எடுத்துக்கொள்வதே நியாயம் என்பேன், அன்றைக்கு ஒத்துக்கொண்ட விலைதானே அது. ஒவ்வொரு சலுகைக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கட்டாயம். ஆய்வகத்தின் பிழையால் மறுபடி செய்த பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது, அது அளவுக் கணக்கிலும் சேரக் கூடாது.

மாதக் கடைசியில் அளவு எட்டியது தெரிந்து, பழைய பில்களைத் திறந்து திருத்துவது தவறு. அதற்குக் கிரெடிட் நோட் இருக்கிறது, அதாவது போட்ட பில்லின் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு. எந்தெந்த பில்லுக்கு என்று அதில் காட்டி, நிபந்தனைகளை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செனைட் போன்ற திறந்த மூல ஆய்வக மென்பொருளில் உறுப்பினர் தள்ளுபடி, மொத்தமாகக் கொடுப்பவருக்கான விலை, பேக்கேஜ் விலை எல்லாமே அமைப்பில் உண்டு. ஆனால் உறுப்பினர் சதவீதம் ஆய்வகம் முழுமைக்கும் ஒன்றுதான். சொசைட்டிக்கு 10, ஓட்டலுக்கு 5 வேண்டுமென்றால் அந்த ஒரு கட்டத்தை அடிக்கடி மாற்றி ஓட்டாதீர்கள். பில்லிங்கைத் தனி மென்பொருளில் செய்வது நல்லது.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பரிசோதனை செய்பவரின் திரையில் தள்ளுபடி தெரியக் கூடாது. வணிக அழுத்தம் நடுநிலையைப் பாதிக்கக் கூடாது என்று பரிசோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையும் சொல்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. பாதிக் கட்டணம் கட்டிய விவசாயியின் கிணற்றையும் அதே கவனத்தோடுதான் அளக்க வேண்டும்.

கையால் சலுகை மாற்றும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், காரணம் எழுதாமல் சேமிக்க முடியாதபடி வையுங்கள். புது முறையை ஓடவிடும் முன் போன மாதத்து பில்களை அதில் மறுபடி போட்டுப் பாருங்கள். தொகை மாறும் ஒவ்வொரு பில்லுக்கும், பழையது தவறா புதியது தவறா என்று விடை கிடைத்த பிறகு தொடங்கினால் போதும்.